மாமனாரோட பழைய பீட்டர்சன் புகையிலை பைப், இந்தப் பூண் வெள்ளியா? எப்படி சுத்தம் பண்றது?

வால்பாறை_மாப்ள:

எல்லாருக்கும் வணக்கம். ரொம்ப நாளா சும்மா வந்து படிச்சுட்டுப் போற ஆளு நான், இப்பத்தான் முதல் தடவையா எழுதுறேன், தப்பான இடத்துல போட்டிருந்தா மாத்தி விடுங்க.

என் மாமனார் வால்பாறை பக்கம் ஒரு எஸ்டேட்ல டீ மேக்கரா இருந்து ரிட்டையர் ஆனவர், போன வருஷம் தவறிட்டார். வீட்டை ஒதுங்க வைக்கும்போது பழைய தகர ட்ரங்குப் பெட்டில கம்பளி ஸ்வெட்டருக்குள்ள சுத்தி ஒரு பைப் இருந்துச்சு. எழுபதுகள்ல அங்க இருந்த வெள்ளைக்கார துரை ஊரைப் பாக்கக் கிளம்பும்போது இவர் கையில குடுத்துட்டுப் போனதாம், மாமியார் சொல்றாங்க. மனுஷன் ஒரு நாளைக்கு ஒரே ஒரு தடவைதான் புகைப்பாராம், அதுவும் டூட்டி முடிஞ்சு குளிச்சுட்டு குவார்ட்டர்ஸ் திண்ணைல உக்காந்து. ஃபேக்டரிக்குள்ள மூச்! ஏன்னா டீத்தூள் பக்கத்துல என்ன வாசனை இருந்தாலும் இழுத்துக்கும், பைப் வாசனை அடிக்கிற டீயை எவன் வாங்குவான்.

இப்ப விஷயத்துக்கு வர்றேன். மரத்துல இடது பக்கம் பீட்டர்சன்ஸ், அதுக்குக் கீழ சிஸ்டம், அதுக்கும் கீழ ஸ்டாண்டர்ட்னு குத்தியிருக்கு. வலது பக்கம் மேட் இன் தி ரிபப்ளிக் ஆஃப் அயர்லாந்துன்னு மூணு வரி, அப்புறம் 314னு ஒரு நம்பர். மரமும் வாய்ல வெக்கிற குழாயும் சேர்ற இடத்துல வெள்ளையா ஒரு பூண். அதுல கே அண்ட் பி, அதுக்குப் பக்கத்துல பொடிப்பொடியா மூணு முத்திரை. ஒண்ணு இலை மாதிரி, ஒண்ணு நாயோ நரியோ, ஒண்ணு கோபுரம். என் மச்சான் இதைப் பாத்துட்டு "இது ஹால்மார்க்கு மாமா, சுத்த வெள்ளி, வெளிநாட்டுல லட்சக்கணக்குல போகும்"னு ஒரே குதி.

கேள்வி 1, பூண் வெள்ளியா இல்லையா, எந்த வருஷத்து பைப்னு கண்டுபிடிக்க முடியுமா. 2, மரம் ஈட்டின்னு நினைக்கிறேன், சரியா. 3, குழாய் கறுப்பா இருந்திருக்கும் போல, இப்ப பச்சையும் பழுப்புமா சகதி கலர்ல இருக்கு, நாக்குல பட்டா கசக்குது. உள்ள கரி அடைச்சு சுண்டு விரல் கூட போகல. யூட்யூப்ல உப்பு போட்டு ஸ்பிரிட் ஊத்தி வைக்கச் சொல்றாங்க, செய்யலாமா? ஆனா ஒரு சிக்கல், என் வீட்டுக்காரம்மா பெட்டியைத் திறந்து அதை மோந்து பாத்துட்டு அரை மணி நேரம் யார்கிட்டயும் பேசல. பூஞ்சை வாடை போகணும், புகையிலை வாசனை போகக்கூடாதுன்னு ஆர்டர். ரெண்டும் ஒண்ணா நடக்குமா?

4, ஒரே ஒரு தடவை அதுல நானே புகைச்சுப் பாக்கலாம்னு ஆசை. காலேஜ்ல ரெண்டு சிகரெட் பிடிச்சதோட சரி, பைப் பத்தி ஒண்ணும் தெரியாது.

பிரையர்_பித்தன்:

வாங்க மாப்ள சார். மச்சான் மனசு நோகும், பரவாயில்ல. அது வெள்ளி இல்ல, நிக்கல்.

இதுல ஏமாறாத ஆளே கிடையாது, நானும் முதல் பீட்டர்சன் வாங்குனப்போ பூதக்கண்ணாடி வெச்சு ராத்திரி பூரா பாத்தேன். அந்த இலை அயர்லாந்துக்காரங்களோட ஷாம்ராக், நாயை சிலர் வேட்டைநாய்னும் சிலர் நரின்னும் சொல்றாங்க, அப்புறம் கல் கோபுரம். மூணுமே அழகுக்குப் போட்ட முத்திரைதான், ஹால்மார்க்கே இல்ல. கம்பெனிக்காரங்க நிக்கல் பூண்ல பாத்தா வெள்ளி மாதிரியே இருக்கட்டும்னு போட்டது. நிஜ வெள்ளின்னா வெள்ளியோட தரத்தைச் சோதிக்கிற டப்ளின் அஸ்ஸே ஆபீஸ் முத்திரை இருக்கும், உக்காந்திருக்குற ஒரு பொம்பளை, கிரீடம் வெச்ச ஹார்ப், அது கூட வருஷத்தைக் காட்டுற ஒரு எழுத்து. அந்த எழுத்து இருந்தாத்தான் வருஷம் பளிச்சுனு தெரியும். உங்களது "ஸ்டாண்டர்ட்" கிரேடு, அதுக்கு நிக்கல்தான் போடுவாங்க. இதே உடம்புக்கு வெள்ளிப் பூண் போட்டா "ப்ரீமியர்"னு பேரு.

வருஷம்: மரத்துல இருக்குற நாட்டுப் பேருதான் நமக்கு இருக்குற ஒரே துப்பு. அயர்லாந்து ரிபப்ளிக் ஆனது 1949 ஏப்ரல்ல, அதனால உங்க பைப் அதுக்கு அப்புறம் செஞ்சது. அதுக்கு முந்துன காலத்துல ஐரிஷ் ஃப்ரீ ஸ்டேட்டுனும் அப்புறம் ஏய்ரேன்னும் குத்துவாங்க, அது இருந்திருந்தா நான் இப்பவே பஸ் ஏறி வால்பாறைக்கு வந்திருப்பேன். ஆனா இந்த மூணு வரி முத்திரையை அதுக்கப்புறம் ரொம்ப வருஷமா குத்திட்டு இருக்காங்க, அதனால துரை கதைதான் நமக்கு இருக்குற மேல் எல்லை. 1949லேர்ந்து எழுபதுகளுக்குள்ளனு வெச்சுக்கோங்க.

விலை? புதுசே இன்னிக்கு நூறு டாலர் சொச்சத்துக்குக் கிடைக்குது. பழைய ஸ்டாண்டர்ட் அதுல பாதி வந்தா அதிகம். லட்சம் எல்லாம் மச்சான் கனவுல.

மரம் ஈட்டி இல்ல, பிரையர். மத்தியதரைக்கடல் ஓரத்துல வளர்ற ஒரு புதர்ச்செடி, எரிக்கா ஆர்போரியான்னு பேரு, அதோட அடில வேரும் தண்டும் சேர்ற இடத்துல பூசணிக்காய் மாதிரி ஒரு முண்டு விழும், அதை வெட்டி மணிக்கணக்கா தண்ணில வேகவெச்சு மாசக்கணக்கா நிழல்ல ஆறப்போட்டு செய்யுறது. சூட்டைத் தாங்குற மரம்னா அதுதான். அதுக்கு முந்தி ஐரோப்பாவுல களிமண் பைப்பும், துருக்கில எஸ்கிஷேஹிர்ல தோண்டி எடுக்குற மீர்ஷாம்னு ஒரு வெள்ளைக் கல்லுல செதுக்குன பைப்பும்தான் அதிகம். 19ஆம் நூற்றாண்டு நடுவுல ஃப்ரான்ஸ்ல ஜூரா மலைல இருக்குற செயின்ட் கிளாடுங்குற ஊர்க்காரங்க பிரையரைப் பிடிச்சுக்கிட்டாங்க, அதோட களிமண் கதை முடிஞ்சுது.

இப்ப "சிஸ்டம்"னா என்னன்னு சொல்லியே ஆகணும், ஏன்னா நீங்க சுத்தம் பண்ணும்போது இது தெரியாம மாட்டிக்குவீங்க. டப்ளின் கிராஃப்டன் தெருவுல காப்னு ஜெர்மன் அண்ணன் தம்பி வெச்சிருந்த கடைல வந்து சேர்ந்த லாத்வியாக்காரர் சார்லஸ் பீட்டர்சன். அந்த கே அண்ட் பி-ல கே அவங்கதான், பி இவரு. பைப் புகைக்கும்போது எச்சிலும் புகையிலை ஈரமும் சேர்ந்து குழாய்ல கொடகொடன்னு சத்தம் போடும், கசப்புத் தண்ணி வாய்க்கு வரும். இவரு என்ன பண்ணாருன்னா புகை வர்ற துளைக்குக் கீழ மரத்துலயே ஒரு சின்னக் குழி தோண்டினாரு, நம்ம வீட்டு சம்ப் மாதிரி. புகை மேல போகும், தண்ணி குழிக்குள்ள இறங்கிடும். 1890ல காப்புரிமை. அப்புறம் 1898ல பி-லிப்னு இன்னொண்ணு, உங்க குழாயோட நுனியைப் பாருங்க, ஓட்டை நேரா முன்னாடி இருக்காது, மேல் பக்கம் பாத்து இருக்கும். புகை நாக்குல நேரா அடிக்காம அண்ணத்துக்குப் போகணும்னு.

ஆக உங்க பைப்ல அந்தக் குழிக்குள்ள மாமனார் காலத்துக் கறை கெட்டியா உறைஞ்சு கிடக்கும், பூஞ்சை வாடை பெரும்பாலும் அங்கேர்ந்துதான் வருது. சுத்தம் பண்ற முறையை ராத்திரி எழுதுறேன், அதுவரைக்கும் தயவுசெஞ்சு உப்பு போட்றாதீங்க.

உறையூரான்:

எங்க தாத்தா உறையூர் சுருட்டு பிடிச்சாரு, ஒரு காப்புரிமையும் இல்ல, ஒரு சம்ப்பும் இல்ல, கடிச்சுத் துப்புனாரு பத்த வெச்சாரு முடிஞ்சுது 😄

பிரையர்_பித்தன்:

@உறையூரான் அதான் உங்க பாட்டி அவரைத் திண்ணையிலயே படுக்க வெச்சாங்க.

பனையடி_ரொறன்ரோ:

அண்ணை, உப்பு வேண்டாம் எண்டு பித்தன் சொன்னது நூத்துக்கு நூறு சரி. உப்பு ஈரத்தை இழுத்து விரியும், சில பைப் குழாய் செருகுற கழுத்திலை வெடிச்சுப் போன கதையளும் இருக்கு, அதோடை இந்த சிஸ்டம் பைப்பிலை உப்பு அந்தக் குழிக்குள்ளை இறங்கினா பிறகு எடுக்கிறது பெரும் பாடு. நான் பஞ்சைத்தான் வைக்கிறனான். மருந்துக்கடைப் பஞ்சை உருட்டி புகையிலை போடுற கிண்ணத்துக்குள்ளை அடைஞ்சு, ஒரு சின்னத் துண்டைக் கழுத்துக்குள்ளையும் திரிச்சு விட்டு, அல்ககோலைச் சொட்டுச் சொட்டா விட்டு இரவு முழுக்க வைச்சா காலமை பஞ்சு தேத்தண்ணிக் கலரிலை வரும். வெளியிலை சிந்தக் கூடாது, மரத்தின்ரை சாயம் கழண்டு போகும்.

குழாய் விசயத்திலை என்ரை மடைத்தனத்தைச் சொல்லுறன் கேளுங்கோ. அது பிளாஸ்ரிக் இல்லை, எபொனைட், கந்தகம் போட்டு இறுக்கின ரப்பர். வெளிச்சம் பட்டுப் பட்டு அந்தக் கந்தகம் மேலுக்கு வந்துதான் பச்சையாவும் கைப்பாவும் கிடக்கு. நான் புதுசாத் தொடங்கின காலம், கிருமி சாகட்டும் எண்டு கொதிதண்ணிக்குள்ளை போட்டுட்டுத் தேத்தண்ணி ஊத்தப் போனன். திரும்பி வந்து பாத்தா வளைஞ்சிருந்த குழாய் பென்சில் மாதிரி நேரா நிக்குது! எபொனைட்டுக்கு சூடு பட்டா தன்ரை பழைய உருவம் ஞாபகம் வந்திடும், வளைக்க முதல் அது நேராத்தானே இருந்தது. ஆனா இதிலை ஒரு நன்மையும் இருக்கு, பல்லுக் கடிச்ச பள்ளம் இருந்தா அந்த இடத்துக்கு மட்டும் லைற்றர் சூட்டை லேசாக் காட்டினா பள்ளம் மேலுக்கு எழும்பும். நெருப்பு படக் கூடாது, சூடு மட்டும்.

சுங்கான் எண்டு எங்கடை ஊரிலை சொல்லுறது இதைத்தான். என்ரை பெரியப்பாவிட்டை ஒண்டு இருந்தது, யாழ்ப்பாணப் புகையிலையைத் தானே நறுக்கிப் போடுவார், அந்தக் காரத்துக்கு பெரியம்மா வீட்டுக்குள்ளை விடமாட்டா. இங்கை இப்ப டின்னுகள் எல்லாம் ஒரே மண்ணிறம், 2020இலையிருந்து கடையிலை பேரையும் எச்சரிக்கையையும் தவிர வேறை படமோ எழுத்தழகோ ஒண்டும் இல்லை. விலையைப் பாத்தா புகைக்காமலே இருமல் வரும்.

பிரையர்_பித்தன்:

ரொறன்ரோ அண்ணன் பாதி வேலையை முடிச்சுட்டார். மீதியைச் சொல்றேன்.

குழாய்: வெதுவெதுப்பான தண்ணில (அண்ணன் கதை ஞாபகம் இருக்கட்டும்) வாசனை சேர்க்காத ஆக்ஸிஜன் ப்ளீச் பவுடர் ஒரு ஸ்பூன் கரைச்சு சில மணி நேரம் ஊற வைங்க. குழாய் மேல பி-ன்னு முத்திரை இருந்தா அதுல கொஞ்சம் வாசலைன் தடவிட்டுப் போடுங்க. எடுத்தா முன்னையை விட அசிங்கமா தெரியும், பயப்படாதீங்க, அந்தப் பச்சை எல்லாம் மேல வந்துருச்சுன்னு அர்த்தம். அப்புறம் கார் பெயின்ட் கடைல கிடைக்கிற வாட்டர் பேப்பர்ங்குற உப்புத்தாள், 600ல ஆரம்பிச்சு 1000, 1500, 2000ன்னு தண்ணி தொட்டுத் தொட்டுத் தேய்க்கணும். பூண் பக்கமும் நுனி ஓட்டை பக்கமும் அழுத்தாதீங்க. கை வலிக்கும், பாட்டு போட்டுட்டு உக்காருங்க. கடைசில துளி எண்ணெய் தடவுனா கன்னங்கரேல்னு வரும்.

அல்ககால்: மெடிக்கல் ஷாப் சர்ஜிக்கல் ஸ்பிரிட் வேண்டாம், அதுல என்னென்னமோ கலந்திருக்கும், அந்த வாடை மரத்துல ஏறிட்டா பைப் ஆயுசுக்கும் ஆஸ்பத்திரிதான். சானிடைசர் கூடவே கூடாது. சென்னைப் பக்கம் யாராவது இருந்தா ரிச்சி ஸ்ட்ரீட்ல மொபைல் சர்வீஸ்காரங்க வாங்குற சுத்தமான ஐபிஏ, அதாவது ஐசோப்ரோபைல் அல்ககால், வாங்கி அனுப்பச் சொல்லுங்க, மிச்சமில்லாம ஆவியாயிடும். இல்லேன்னா வோட்கா. எங்க கிடைக்கும்னு நான் சொல்லத் தேவையில்ல, க்யூல நிக்கிறது உங்க பாடு.

பைப் க்ளீனர்னு கேட்டா ஸ்டேஷனரி கடைல குழந்தைங்க கிராஃப்டுக்கு வெச்சிருக்குற கலர் கலர் மசமச கம்பியைக் குடுப்பாங்க. அது நைலான், ஈரத்தை உறிஞ்சாது, சுத்தம் பண்ண உதவாது. பஞ்சு சுத்துனதுதான் வேணும். பி-லிப்ல ஓட்டை மேல பாத்து இருக்குறதால நுனிப் பக்கமா விட்டா முட்டும், மரத்துல செருகுற பக்கத்துலேர்ந்து விட்டா நுனி கொஞ்சம் வளைஞ்சு வெளில வந்துரும்.

கரி: இதைத்தான் கேக்குன்னு சொல்றது. பைப்காரனுக்கு அது சொத்து, மரம் தீயாம காப்பாத்துறது அதுதான், ஆனா அளவு இருக்கு. ஒரு மில்லிமீட்டர், மிஞ்சிப் போனா ஒன்றரை மில்லிமீட்டர் கனம். அதுக்கு மேல போனா சூட்டுல கரி விரியுற வேகம் வேற மரம் விரியுற வேகம் வேற, கிண்ணம் வெடிக்கும். கூரான கத்தி போட்டுத் தோண்டாதீங்க, கரியோட மரமும் வரும். ஸ்கெட்ச் பேனா தடிமனுக்கு ஒரு குச்சில உப்புத்தாள் சுத்தி உள்ள விட்டு மெதுவா திருப்புங்க, நடு நடுவுல கவுத்துத் தட்டுங்க.

இப்ப உங்க வீட்டம்மா கேட்டதுக்கு வர்றேன், எனக்கு இந்த இழைலயே பிடிச்ச கேள்வி இதுதான். வாசனை மூணு இடத்துல இருக்கு. குழில இருக்குறது நாத்தம், அது போயே ஆகணும். குழாய்ல இருக்குறதும் அப்படித்தான். ஆனா கிண்ணத்துக்குள்ள இருக்குற கரியிலயும் அதுக்குப் பின்னாடி மரத்துலயும் இருக்குறதுதான் மாமனார் புகைச்ச புகையிலையோட வாசனை. நாங்க இதை கோஸ்ட்டுனு சொல்லுவோம், பேய் மாதிரி போகவே போகாதுங்குறதால. வழக்கமா அதை ஓட்டத்தான் எல்லாரும் அல்ககால் போடுறது. உங்களுக்கு வேணும்கறதால கிண்ணத்துல பஞ்சும் வேண்டாம் ஒண்ணும் வேண்டாம். கழுத்தையும் குழியையும் மட்டும் அல்ககால் தொட்ட க்ளீனரால துடைங்க, கிண்ணத்துல சுண்டு விரல் போற அளவுக்குக் கரியைக் குறைங்க, அவ்வளவுதான். சுரண்டுன கரித்தூளைக் கொட்டாம ஒரு பஞ்சாமிர்த டப்பால போட்டு வெச்சாக்கூட வாசனை நிக்கும்.

பெட்டில டின்னு ஏதாவது இருந்துச்சா? என்ன புகையிலைனு தெரிஞ்சா நல்லா இருக்கும்.

வால்பாறை_மாப்ள:

அண்ணே என்ன சொல்றதுன்னே தெரியல, இவ்ளோ யாரும் எழுதுவாங்கன்னு எதிர்பாக்கல. மச்சானுக்கு ஸ்க்ரீன்ஷாட் அனுப்பிட்டேன், ரெண்டு நாளா ஃபோன் எடுக்கல.

டின் இருக்கு! காலி டின், எரின்மோர்னு போட்டிருக்கு, அதுல மாமியார் ஊசி நூல் வெச்சிருந்தாங்க, அதனால கண்ணுல படல.

பிரையர்_பித்தன்:

எரின்மோர் ஃப்ளேக்! பெல்ஃபாஸ்ட்ல மர்ரேன்னு ஒரு கம்பெனி செஞ்சது. பழ வாசனை அடிக்கும், அன்னாசிப்பழம்னு நிறையப் பேர் சொல்லுவாங்க. உங்க வீட்டம்மாவைக் கேளுங்க, அப்பா உக்காந்திருந்த திண்ணைல பழம் மாதிரி ஒரு வாசனை வந்துச்சான்னு.

பல்_டாக்டர்_மதுரை:

நடுவுல வர்றதுக்கு மன்னிக்கணும், யார் சந்தோஷத்தையும் கெடுக்க வரல. நாலாவது கேள்விக்கு யாரும் பதில் சொல்லாம இருக்கீங்க, அதனால நான் சொல்றேன். பைப் புகையை நெஞ்சுக்குள்ள இழுக்க மாட்டோம், அதனால ஒண்ணும் ஆகாதுன்னு ஒரு நம்பிக்கை உங்க ஆளுங்ககிட்ட இருக்கு. இழுக்காட்டி நுரையீரலுக்கு ஆபத்து சிகரெட்டை விடக் குறையலாம், ஆனா இல்லாமப் போகாது, உதடு, நாக்கு, கன்னம், தொண்டை எல்லாம் நேரா புகைல நிக்குது. உதட்டுப் புற்றுநோய் பைப் புகைக்கிறவங்களுக்கு அதிகமா வருதுன்னு ஜெர்மனில சோமரிங்னு ஒரு டாக்டர் 1795லயே எழுதி வெச்சிருக்கார், புது விஷயமே இல்ல. மேல் அண்ணம் வெளுத்து நடுவுல சிவப்புப் புள்ளி புள்ளியா இருக்குற வாயை பைப், சுருட்டு பிடிக்கிறவங்ககிட்ட நாங்க பாத்ததும் கண்டுபிடிச்சுருவோம். பி-லிப் புகையை அண்ணத்துக்கு அனுப்புதுன்னு மேல பெருமையா எழுதியிருக்கு, எனக்கு அதைப் படிச்சதும் அதுதான் ஞாபகம் வந்துச்சு. புகைக்காத ஆளு ஆசைக்குத் தொடங்க வேண்டாம்ங்க. சேத்து வைங்க, துடைச்சு வைங்க, அழகான பொருள்.

பிரையர்_பித்தன்:

டாக்டர் சொன்னதுல மறுக்க ஒண்ணும் இல்ல. இங்க நிறையப் பேருக்குத் தெரியாது, நான் புகைக்கிறதை விட்டு ஏழு வருஷம் ஆச்சு. பைப் 40 சொச்சம் இருக்கு, சனிக்கிழமை எடுத்துத் துடைச்சு வைப்பேன், அதுலயே பொழுது போயிடுது. ஏன் விட்டேன்னு கேக்காதீங்க, டாக்டருக்குத் தெரிஞ்சிருக்கும்.

மாப்ள, இருந்தாலும் நீங்க செஞ்சே தீருவேன்னா திருட்டுத்தனமா தப்பா செய்யுறதுக்குப் பதிலா சொல்லிடறேன். சுத்தம் பண்ணி ரெண்டு நாளாவது நல்லாக் காய்ஞ்சிருக்கணும். அடில தளர்வா, மேல வரவரக் கொஞ்சம் இறுக்கமா போடணும், இழுத்துப் பாத்தா ஸ்ட்ராவுல மோர் குடிக்கிற மாதிரி இருக்கணும், மில்க்‌ஷேக் குடிக்கிற மாதிரி இருந்தா இறுகிப்போச்சு. சிகரெட் மாதிரி இழுத்தீங்கன்னா ரெண்டாவது நிமிஷம் நாக்கு வெந்துரும். கிண்ணத்தைக் கையால பிடிக்க முடியாத அளவுக்கு சுட்டா கீழ வைங்க. அணைஞ்சா அணையட்டும்.

பனையடி_ரொறன்ரோ:

ஒண்டு சேக்கோணும். சூடா இருக்கேக்கை குழாயைக் கழட்டக் கூடாது எண்டு எல்லா இடத்திலையும் எழுதி இருக்கும், கழுத்து வெடிக்கும் எண்டு.

பிரையர்_பித்தன்:

பொதுவா சரிதான், ஆனா இந்த பைப்புக்கு இல்லண்ணே. மத்த பைப்ல குழாய் நுனி இறுக்கமா மரத்துக்குள்ள போய் உக்காரும், சூட்டுல விரிஞ்சிருக்கும்போது திருகுனா உடையும். சிஸ்டம் ஆர்மி மவுண்ட், குழாயோட கூம்பு சும்மா பூணுக்குள்ள செருகி நிக்குது, நடுவுல கழட்டி குழித் தண்ணியை உதறணும்னே செஞ்ச டிசைன். திருகாம நேரா இழுக்கணும், அவ்வளவுதான்.

பனையடி_ரொறன்ரோ:

ஓம், அது சரி. நான் டன்ஹில் கொம்பனிப் பைப்காரன், அவையின்ரை அடையாளமான வெள்ளைப் புள்ளி இல்லாத பைப் எண்டா எனக்கு விளங்காது 😁

வால்பாறை_மாப்ள:

மூணு வாரம் கழிச்சு வர்றேன், மன்னிக்கணும். பைப் முடிஞ்சுது. குழாய்க்கு ரெண்டு ஞாயித்துக்கிழமை போச்சு, இப்ப கார் டயர் மாதிரி கறுப்பா இருக்கு, பி முத்திரை தப்பிச்சுது. குழிக்குள்ளேர்ந்து வந்ததை எழுத முடியாது, தார் ரோடு போடலாம், பதினேழு க்ளீனர் ஆச்சு. கரியைக் குறைச்சதுல கிண்ணத்து உள்ள விரிசல் ஒண்ணும் இல்ல. பூஞ்சை வாடை போயிருச்சு.

எரின்மோர் பத்தி வீட்டுக்காரம்மாகிட்ட கேட்டேன். அன்னாசி எல்லாம் இல்லையாம், "காஞ்ச திராட்சையும் ஈரக் கம்பளியும்"னு சொன்னா. வால்பாறைல மழைக்காலத்துல ஈரக் கம்பளி இல்லாத வீடு ஏது. கரித்தூளை டப்பால போட்டு அவளே பீரோல வெச்சுக்கிட்டா. டாக்டர் எழுதினதையும் படிச்சா, அதனால நாலாவது கேள்வி வீட்டுல தள்ளுபடி ஆயிருச்சு, அப்பீல் கிடையாது.

இப்ப ஒரு சின்னப் பிரச்சினை. முன்னாடி குழாய் கிண்ணுனு நின்னுச்சு, இப்ப காய்ஞ்சதுக்கு அப்புறம் லொடலொடன்னு ஆடுது, தலைகீழாப் பிடிச்சா விழுந்துருது. நான் ஏதாவது கெடுத்துட்டேனா?

பிரையர்_பித்தன்:

ஒண்ணும் கெடல. இத்தனை வருஷமா அந்தக் கறைதான் பிசின் மாதிரி பிடிச்சு வெச்சிருந்தது, அதைத்தான் நீங்க எடுத்துட்டீங்களே. கூம்பு வடிவம்தானே, இன்னும் ஒரு மில்லி உள்ள தள்ளுங்க, நிக்கும். அப்பவும் ஆடுனா கூம்புல தேன்மெழுகு லேசாத் தேய்ச்சுட்டு செருகுங்க. பூண் ஆடுதான்னு மட்டும் பாத்துச் சொல்லுங்க, அது ஆடுனா வேற வைத்தியம்.

வால்பாறை_மாப்ள:

தள்ளுனேன், நிக்குது. பூண் ஆடல.